கூண்டுக்குள் வளரும் ராட்சதப் பாம்புகள்: உண்மையில் எத்தனை அடி?

விலங்குக் காட்சிசாலையில் மலைப்பாம்பின் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது எத்தனை அடி? பராமரிப்பாளர் ஓர் எண்ணைச் சொல்வார். கேட்டவர் வீட்டுக்குப் போய் அதில் இரண்டடி கூட்டிச் சொல்வார். உலகப் புகழ் பெற்ற பெரும்பாம்புகளின் கதையும் பல நேரம் இப்படித்தான் நடந்திருக்கிறது. பல்லாண்டு காலம் சாதனை என்று சொல்லப்பட்டுவந்த நீளங்கள், ஒழுங்காக அளந்து பார்த்தபோது இரண்டு மீட்டருக்கு மேல் சுருங்கியிருக்கின்றன. சுருங்கிய பிறகும் அந்தப் பாம்புகள் வியப்பூட்டுபவையே. மனிதர் பராமரிப்பில் ஒரு பாம்பு எவ்வளவு பெரிதாக வளர முடியும், அந்த அளவை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள், அந்த வளர்ச்சி பாம்புக்கு நல்லதா என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் இனங்கள். உலகில் நாலாயிரத்துக்கு நெருங்கிய பாம்பு இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ராட்சதப் பாம்பு என்று தயங்காமல் சொல்லக்கூடியவை மிகச் சில. தென்கிழக்கு ஆசியாவின் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு, பர்மிய மலைப்பாம்பு, நம் ஊர்க் காடுகளிலும் இலங்கையிலும் வாழும் இந்திய மலைப்பாம்பு, ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு, ஆஸ்திரேலியா, நியூகினி பகுதியின் அமெதிஸ்டின் மலைப்பாம்பு, தென் அமெரிக்காவின் பச்சை அனகோண்டா. இவற்றில் நீளத்தில் முதலிடம் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்புக்கு. உடல் முழுக்க வலை விரித்தாற்போல் கோலம் கொண்ட இந்தப் பாம்பு இந்திய எல்லைக்குள் நிக்கோபார் தீவுகளில் மட்டும் காணப்படுகிறது. பருமனில் முதலிடம் அனகோண்டாவுக்கு. மலைப்பாம்புகள் முட்டையிட்டு அடைகாப்பவை. அனகோண்டா குட்டி போடுவது. இவை எதற்கும் நஞ்சு கிடையாது. இரையைக் கவ்வி, உடலால் சுற்றி இறுக்கிக் கொல்கின்றன. மூச்சுத் திணறித்தான் இரை சாகிறது என்று வெகுகாலம் நம்பப்பட்டது. 2015-இல் வெளியான ஆய்வில் போவா என்ற, இரையை இறுக்கிக் கொல்லும் இன்னொரு பாம்பு எலியை இறுக்கும்போது நடப்பதை அளந்து பார்த்தார்கள். இறுக்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே எலியின் இரத்த ஓட்டம் நின்றுபோவது தெரியவந்தது.

மனிதர் பராமரிப்பில் இருந்த பாம்புகளில் மிக நீளமானது என்று கின்னஸ் பதிவு ஏற்றுக்கொண்டிருப்பது அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் இருந்த மெடூசா என்ற ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு. 2011 அக்டோபர் 12 அன்று அளந்தபோது 7.67 மீட்டர், அதாவது 25 அடி 2 அங்குலம். எடை 158.8 கிலோ. அதை நேராகப் பிடித்து நிறுத்த 15 பேர் தேவைப்பட்டார்கள். மெடூசா விலங்குக் காட்சிசாலையில் வளர்ந்த பாம்பு இல்லை. மக்கள் கட்டணம் கொடுத்துப் பயந்து மகிழும் பேய்வீட்டுக் கண்காட்சி ஒன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது.

மெடூசாவுக்கு முன் அந்தப் பட்டத்தை வைத்திருந்தது ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் விலங்குக் காட்சிசாலையில் இருந்த ஃப்ளஃபி. 24 அடி, 136 கிலோ. தனியார் வளர்ப்பாளர் ஒருவரிடமிருந்து 2007-இல் இரவலாக வந்தது. பார்வையாளர்கள் காட்டிய அன்பைக் கண்ட காட்சிசாலை, பிறகு 35,000 டாலர் கொடுத்து அதை வாங்கிவிட்டது. 2010 அக்டோபரில், 18 வயதில், உடலுக்குள் வளர்ந்த கட்டியால் ஃப்ளஃபி இறந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் காட்சிசாலையில் இருந்த சமந்தாவின் நீளம் 26 அடி என்று சொல்லப்பட்டது. போர்னியோவில் பிடிக்கப்பட்டு 1993-இல் அங்கே வந்து சேர்ந்தது, 2002-இல் இறந்தது.

மெடூசா, ஃப்ளஃபி, சமந்தா மூன்றும் பெண் பாம்புகள். இது தற்செயல் இல்லை. பெரும்பாம்பு இனங்களில் பெண்தான் பெரிது. ஒரு தடவையில் பல பத்து முட்டைகளைச் சுமக்க வேண்டிய உடல் அது. உடல் பெரிதாக இருந்தால் கூடுதல் முட்டைகளைச் சுமக்கலாம். அனகோண்டாவில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம்: வளர்ந்த பெண்ணின் எடை ஆணின் எடையைப் போல் நான்கைந்து மடங்கு இருக்கும். எனவே யாராவது ராட்சத ஆண் மலைப்பாம்பு என்று பெருமையாகச் சொன்னால், பாலினத்தைச் சரியாகப் பார்த்தார்களா என்று கேட்பதில் தவறில்லை.

இனி அளக்கும் சிக்கலுக்கு வருகிறேன். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு மரக்கட்டையை அளப்பதற்கு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தால் போதும். உயிருள்ள பாம்பு அப்படிப்பட்டதில்லை. அதன் முதுகெலும்பில் நூற்றுக்கணக்கான முள்ளெலும்புகள். ஒவ்வொன்றையும் பற்றிக்கொண்டு தசைகள். பிடிக்கப்பட்ட பாம்பு அத்தனை தசைகளையும் சுருக்கிக்கொண்டு நெளியும். 20 அடிப் பாம்பை முழு நேராக்க முயன்றால் முதுகெலும்புக்கே கேடு வரலாம். மயக்க மருந்து கொடுத்தால் தசை தளர்ந்து கொஞ்சம் கூடுதல் நீளம் காட்டும். சுருண்டு படுத்திருக்கும் பாம்பின் முதுகு வழியாக நூலைப் போட்டு, அந்த நூலை அளப்பது ஒரு வழி. மேலிருந்து புகைப்படம் எடுத்துக் கணினியில் கோடு இழுத்து அளப்பது இன்னொரு வழி. ஒரே பாம்பை ஒரே நாளில் மூன்று வழியிலும் அளந்தால் மூன்று விடைகள் வரும்.

தோலை வைத்து நீளம் சொல்வது இதைவிடப் பெரிய பிழைக்கு இட்டுச்செல்லும். பாம்பு உரித்துப் போட்ட சட்டை எப்போதும் பாம்பைவிட நீளம். செதில்களுக்கு நடுவே மடிந்து கிடக்கும் மெல்லிய தோலும் சட்டையில் விரிந்துவிடுவதே காரணம். செத்த பாம்பிலிருந்து உரித்தெடுத்த தோலை ஆணியடித்துக் காயவைத்தால் கால் பங்குகூட நீட்டிவிடலாம். பழைய பயணக் குறிப்புகளில் வரும் 35 அடி, 40 அடிப் பாம்புகள் பலவும் இப்படித் தோலிலிருந்து பிறந்தவையே.

பாம்பு உயிரோடு இருந்தும், பல ஆண்டுகள் எல்லாருடைய கண்முன்னே இருந்தும், நீளம் தவறாகப் பதிவானதற்கு இரண்டு புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள் உண்டு. பிட்ஸ்பர்க் நகரின் ஹைலண்ட் பார்க் காட்சிசாலையில் கொலோசஸ் என்ற ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு இருந்தது. அதன் நீளம் 1950-களில் 28 அடிக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. உலகின் மிக நீளமான கூண்டுப் பாம்பு என்று புத்தகத்துக்குப் புத்தகம் அந்த எண் போனது. 1963-இல் அது இறந்தது. எலும்புக்கூடு அதே நகரத்தின் கார்னகி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சென்றது. இரண்டாவது, இல்லினாய் மாநிலத்தின் கர்னி ஊரில் ஊர்வனக் கண்காட்சி ஒன்றில் இருந்த பேபி என்ற பர்மிய மலைப்பாம்பு. 27 அடி என்று அறியப்பட்டது. 1998-இல் எடை போட்டபோது 182.76 கிலோ, உலகின் மிகக் கனமான பாம்பு என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது.

2012-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று இந்த இரண்டு பாம்புகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தது. கொலோசஸ் இறந்தபோது எடுத்த அளவு 6.35 மீட்டர், அதாவது 20 அடி 10 அங்குலம். பேபி இறந்த பிறகு அளந்தபோது 5.74 மீட்டர், 18 அடி 10 அங்குலம். கட்டுரை எழுதியவர்களில் ஒருவர் பேபியின் உரிமையாளர் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். தன் பாம்புக்குக் கிடைத்திருந்த நீளத்தைத் தானே குறைத்து எழுதுவதற்கு நேர்மை வேண்டும். அப்படிக் குறைத்த பிறகும், அதுவரை நம்பகமாக அளக்கப்பட்ட பர்மிய மலைப்பாம்புகளில் மிக நீளமானது பேபிதான் என்று அந்தக் கட்டுரை நிறுவியது.

யாரும் வேண்டுமென்று பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. பருத்த உடலொன்று சுருண்டு கிடக்கும்போது, அதன் மொத்த நீளத்தைக் கண்ணால் மதிப்பிடுகிறவர் கூட்டித்தான் சொல்வார். பருமன் நம்மை ஏமாற்றுகிறது. அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

வேண்டுமென்றே பெருக்கிச் சொன்னதும் உண்டு. 2003 முடிவில் ஜாவாவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் 14.85 மீட்டர் நீளமும் 447 கிலோ எடையும் கொண்ட மலைப்பாம்பு இருப்பதாக உலகெங்கும் செய்தி பரவியது. பிரிட்டிஷ் செய்தியாளர் ஒருவர் நாடாவோடு போய் அளந்தார். ஏழு மீட்டரைக்கூட அது எட்டவில்லை.

முப்பது அடிப் பாம்பு என்பது எவ்வளவு அரியது என்பதற்கு நல்ல சான்று நியூயார்க்கில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பது அடிக்குக் குறையாத பாம்பைக் கொண்டுவருபவருக்கு 1,000 டாலர் பரிசு என்று அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூசவெல்ட் அறிவித்தார். பிராங்க்ஸ் காட்சிசாலையோடு சேர்ந்த அந்தப் பரிசு மெல்ல மெல்ல உயர்ந்து 50,000 டாலர் ஆனது. உலகெங்கும் பாம்பு பிடிப்பவர்களும் தோல் வணிகர்களும் இருந்தார்கள், காடுகள் இருந்தன, பணமும் இருந்தது. 2002-இல் அந்த அறிவிப்பைக் கைவிடும்வரை ஒருவரும் பரிசை வாங்கவில்லை.

அனகோண்டா பற்றிய கதைகள் இதைவிடப் பெரியவை. கையில் கிடைத்தவையோ சிறியவை. வெனிசுவேலாவின் லானோஸ் சமவெளியில் ஹெசுஸ் ரிவாஸ் என்ற ஆய்வாளர் பல நூறு அனகோண்டாக்களைச் சேற்றில் இறங்கிக் கையால் பிடித்து அளந்தார். அவற்றில் மிகப் பெரிய பெண் ஐந்தேகால் மீட்டரை ஒட்டியது. எடை நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 17 அடிதானா என்று ஏமாற வேண்டாம். அந்த நீளத்திலேயே நூறு கிலோவை நெருங்கும் உடல் அது.

அடுத்த கேள்வி: காட்டுப் பாம்பைவிடக் கூண்டுப் பாம்பு ஏன் இவ்வளவு பெரிதாகிறது? முட்டையிலிருந்து வரும்போது ரெட்டிகுலேட்டட் குட்டி இரண்டடிக்குச் சற்று மேல் இருக்கும். முதல் சில ஆண்டுகளில் அதிவேகமாக வளரும். பிறகு வேகம் குறைந்தாலும் வளர்ச்சி சட்டென்று நின்றுவிடுவதில்லை. எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைத் தீர்மானிப்பது இரை. காட்டில் ஒரு பெண் பாம்பு முட்டையிடும் ஆண்டில் மாதக்கணக்கில் ஒன்றும் உண்ணாமல் அடைகாக்கும். ஒட்டுண்ணிகள், காயங்கள், வறட்சி, மனிதர் என்று ஆயிரம் தடைகள். கூண்டில் வாரந்தோறும் முயலோ கோழியோ தானாக வந்து விழுகிறது. ஓடவோ தேடவோ வேண்டியதில்லை.

இரண்டு ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தோனேசியாவின் கிழக்கு கலிமந்தானில் சூரியக் கரடிகளை ஆராய்ந்தவர்கள், ரேடியோ கருவி பொருத்தியிருந்த கரடி ஒன்றைத் தேடிப் போனபோது, சமிக்ஞை ஒரு மலைப்பாம்பின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. அந்தப் பாம்பைப் பிறகு மயக்கத்தில் அளந்தார்கள்: 6.95 மீட்டர். ஏறக்குறைய மூன்று மாதம் உண்ணாமல் இருந்த நிலையில் எடை 59 கிலோ. கூண்டில் வளர்ந்த மெடூசா அதைவிட முக்கால் மீட்டர்தான் நீளம். எடையோ இரண்டரை மடங்குக்கு மேல். கூண்டு வாழ்க்கை பாம்புக்கு அதிகமாகத் தருவது நீளத்தை இல்லை, பருமனை. காட்சிசாலை மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஈரலில் கொழுப்பு படிந்த, நெளியும்போது தோல் மடிப்புகள் பிதுங்குகிற மலைப்பாம்பு நோயாளிதான். கண்காட்சிகளில் கூட்டம் சேர்ப்பதற்காக ஒரு பாம்பைக் கொழுக்கவைப்பது எனக்குச் சிறிதும் ஏற்புடையதாக இல்லை. எடைச் சாதனை என்ற ஒன்றைப் பதிவுப் புத்தகங்கள் கொண்டாடுவதையே நிறுத்திவிடலாம்.

மலைப்பாம்பின் உடல் தொடர்ந்து உண்பதற்காக அமைந்தது இல்லை என்பதை அதன் செரிமானமே காட்டும். பர்மிய மலைப்பாம்பு பெரிய இரை ஒன்றை விழுங்கிய இரண்டு நாட்களுக்குள் அதன் இதயத் தசை 40 சதவீதம் அளவுக்குப் பெருக்கிறது. குடலும் ஈரலும் பெருக்கின்றன. உடல் ஆற்றலைச் செலவிடும் வேகம் நாற்பது மடங்குக்கு மேல் ஏறியதையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். செரித்து முடித்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்கும். ஒரு விருந்து, பிறகு நீண்ட ஓய்வு என்பதுதான் அதன் இயல்பு. நல்ல காட்சிசாலைகளில் வளர்ந்த பெரும்பாம்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ மட்டும் இரை கொடுக்கிறார்கள். கொன்று உறையவைத்த முயலை இளக்கி, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து நீண்ட இடுக்கியால் நீட்டுவார்கள். உயிருள்ள எலியும் முயலும் பாம்பைக் கடித்துக் குதறிவிடும் என்பதும் அதற்கொரு காரணம்.

இரை கொடுக்கும் வேளைதான் ஆபத்தான வேளை. மலைப்பாம்பின் உதடுகளில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. முயலின் வாசம் கூண்டில் பரவியிருக்கும்போது, சூடான எந்தப் பொருள் அசைந்தாலும் அதற்கு இரைதான். அது முயலா பராமரிப்பாளரின் கையா என்று பிரித்துப் பார்க்காது. கவ்விய மறுநொடியே சுற்றிவிடும். பெரும்பாம்பின் கூண்டுக்குள் ஒருவர் தனியாகப் போகவே கூடாது என்ற விதி இதனால்தான் எல்லா நல்ல காட்சிசாலைகளிலும் இருக்கிறது. வீடுகளில் தனி ஆளாக இவற்றை வளர்த்தவர்கள் இறந்திருக்கிறார்கள். பாம்பு அவர்களை வெறுத்ததால் நடந்தது இல்லை இது. அவர்களோடு பழகியிருந்ததும் அதைத் தடுத்திருக்காது. நாய் எசமானரை அறிவதுபோல் மலைப்பாம்பு அறியும் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை.

இரையைத் தவிர, ராட்சதப் பாம்புக்கு வேண்டியவை மூன்று. உடல் முழுக்க நீட்டிப் படுக்க இடம். ஒரு பக்கம் 30 டிகிரிக்குச் சற்று மேலும், மறுபக்கம் அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்கும் கூண்டு. தனக்கு வேண்டிய சூட்டைப் பாம்பே நகர்ந்து தேடிக்கொள்ளும். முழு உடலும் அமிழும் தண்ணீர்த் தொட்டி. அனகோண்டாவுக்கு அது குளமாகவே இருக்க வேண்டும். வெளியே தெரியாத ஆபத்துகளும் உண்டு. ஆமைகளின் குடலில் தீங்கின்றி வாழும் ஒரு வகை அமீபா பாம்புகளுக்குத் தொற்றினால் குடலைப் புண்ணாக்கிக் கொன்றுவிடும். ஆமைத் தொட்டிக்குப் பயன்படுத்திய வாளியைப் பாம்புக் கூண்டுக்குக் கொண்டுபோகாதே என்று பராமரிப்பாளர்களுக்குச் சொல்லித் தருவது இதனால்தான்.

இத்தனை சிரமத்துக்கும் ஈடாகக் கூண்டுப் பாம்புகள் நமக்குக் கற்றுத்தந்தவை ஏராளம். 1841-இலேயே பாரிஸில், அடைகாக்கும் பெண் மலைப்பாம்பின் உடல் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருப்பதை வாலன்சியென் என்ற அறிஞர் பதிவு செய்தார். குளிர் இரத்தப் பிராணி என்று நாம் சொல்லும் இது, முட்டைகளைச் சுற்றிக்கொண்டு தசைகளை விடாமல் துடிக்கவைத்து அவற்றுக்குச் சூடு தருகிறது. அமெரிக்காவின் லூயிவில் காட்சிசாலையில் தெல்மா என்ற ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு ஆணோடு சேராமலே 2012-இல் 61 முட்டைகள் இட்டது. அவற்றிலிருந்து ஆறு பெண் குட்டிகள் பிறந்தன. தந்தை இல்லை என்பதை மரபணுச் சோதனை உறுதி செய்தது. காட்டில் நடந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

நம் நாட்டில் எல்லா மலைப்பாம்புகளுக்கும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு உண்டு. இந்திய மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே இடம். அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். பார்க்க விரும்புபவர்களுக்குச் சென்னையிலேயே கிண்டி பாம்புப் பண்ணையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணையும் இருக்கின்றன. அனகோண்டாவைப் பார்க்கத் திருவனந்தபுரம் போகலாம். 2014-இல் இலங்கையின் தெகிவளைக் காட்சிசாலையிலிருந்து அங்கே அனகோண்டாக்கள் வந்தன.

அமெரிக்காவில் நிலைமை வேறாக இருந்தது. 1980-களிலும் 90-களிலும் பர்மிய மலைப்பாம்புக் குட்டிகள் அங்கே செல்லப்பிராணிக் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. இரண்டடியில் வாங்கிய குட்டி சில ஆண்டுகளில் பத்தடியைத் தாண்டும் என்று வாங்கியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. சமாளிக்க முடியாதவர்கள் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சில தாமாகவும் தப்பின. அங்கே அவை பெருகின. தெற்கு எவர்கிளேட்ஸில் சாலையோரக் கணக்கெடுப்புகளில் காணப்பட்ட ரக்கூன் என்ற சிறு பாலூட்டிகள் 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012-இல் ஓர் ஆய்வு சொன்னது. கூண்டில் தொடங்கிய சிக்கல் ஒரு காட்டையே காலி செய்தது.

அந்தப் பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017 ஜனவரியில் புளோரிடா அரசு அழைத்தவர்களில் இருவர் நம் செங்கல்பட்டுப் பகுதியின் இருளர்கள்: மாசி சடையன், வடிவேல் கோபால். நாய்களும் கருவிகளும் தேடிச் சலித்த இடங்களில் இவர்கள் புல் மடிந்த விதத்தையும் மண்ணில் பட்ட தடத்தையும் பார்த்து நடந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளம் ஒன்றில் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பும் அவற்றில் ஒன்று. பாம்பு நஞ்சு எடுத்து மருந்துக்குத் தரும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் பல ஆண்டுகள் உழைத்த இந்த இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. புளோரிடா மாநிலம் பர்மிய மலைப்பாம்பு, ரெட்டிகுலேட்டட், பச்சை அனகோண்டா உள்ளிட்ட இனங்களைச் செல்லப்பிராணியாக வணிகம் செய்வதற்கு எதிராக 2021-இல் கடுமையான விதிகளை இயற்றியது. எவர்கிளேட்ஸில் பாம்பு பிடிக்கும் வேலை இன்றும் தொடர்கிறது.